வெள்ளி இலையா, பச்சை இலையா? பாலைவனத்து இரண்டு மஞ்சள் பூச்செடிகள்

அரிசோனாவிலும் தென் கலிஃபோர்னியாவிலும் நல்ல மழை பெய்த வருடம் என்றால், மார்ச், ஏப்ரலில் பாறைச் சரிவுகள் மஞ்சளாகிவிடும். பல இடங்களில் அதற்குக் காரணம் என்சீலியா ஃபாரினோசா. அங்கே பிரிட்டில்புஷ் என்பார்கள். சூரியகாந்திக் குடும்பத்துப் புதர்ச்செடி. அதே பாலைவனத்தில் அதன் சொந்தக்காரச் செடியான என்சீலியா ஃப்ரூட்டசென்ஸும் வளர்கிறது. நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் இலை கருகாமல் இருக்க, இரண்டும் நேரெதிர் வழிகளில் போகின்றன.

ஃபாரினோசா வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இலை முழுக்க வெள்ளை நுண்மயிர். ஈரம் இருக்கும் காலத்தில் வரும் இலைகளில் அது குறைவு. விழும் ஒளியில் 80 சதவீதம் வரை இலைக்குள் போகும். வறட்சி ஏற ஏற, புதிதாக வரும் இலைகளில் மயிர் அடர்ந்து, உள்ளே போவது 30 சதவீதம் அளவுக்குக் குறைந்துவிடும். ஜேம்ஸ் எலரிங்கரும் சக ஆய்வாளர்களும் 1976-இல் இதை அளந்து காட்டினார்கள். காலத்துக்கு ஏற்ப இலையையே மாற்றிக்கொள்ளும் இந்தத் திறமை எனக்குப் பெரிய ஆச்சரியம். ஆனால் சும்மா கிடைப்பதில்லை: ஒளி குறைந்தால் ஒளிச்சேர்க்கையும் குறையும். வறட்சி இன்னும் முற்றினால் இலைகளையே உதிர்த்துவிடும்.

ஃப்ரூட்டசென்ஸ் பச்சையாகவே நிற்கிறது. ஒளியை முழுசாக வாங்கிக்கொண்டு, தண்ணீரை ஆவியாக விட்டு இலையைக் குளிர்விக்கிறது. தண்ணீர் கிடைக்கும்வரை அதற்குத்தான் லாபம். அதனால்தான் அது பெரும்பாலும், மேலே வறண்டாலும் அடியில் ஈரம் தங்கும் ஓடைப் படுகைகளை ஒட்டி வாழ்கிறது. ஃபாரினோசா நிற்கும் மொட்டைச் சரிவு அதற்குச் சரிப்படாது.

பூவிலும் வித்தியாசம் உண்டு. ஃபாரினோசாவின் பூக்கள் இதழ் விரித்து, நீண்ட காம்புகளில் இலைகளுக்கு மேலே எழும்பி நிற்கும். மற்றதில் பெரும்பாலும் இதழே இல்லை, மஞ்சள் பொத்தான் மட்டும். அப்புறம், ஃபாரினோசாவின் பிசினைத் தேவாலயங்களில் சாம்பிராணி போலப் புகைத்திருக்கிறார்கள். வடமேற்கு மெக்சிகோவின் ‘சேரி’ (Seri) என்ற பழங்குடியினர் ஈட்டிமுனை ஒட்டப் பயன்படுத்தினார்கள்.

அந்தப் பாலைவன ஊர்களில் வீட்டு முன்புறத்துக்கு ஒன்றுதான் என்றால், என் தேர்வு ஃபாரினோசா. கடும் பனி உறைகிற இடத்தில் மட்டும் வேண்டாம், குளிர் அதற்கு ஆகாது. வேர்பிடித்த பிறகு தண்ணீரையும் குறைத்துவிட வேண்டும். தாராளமாக ஊற்றினால் அந்த வெள்ளி நிறம் மங்கிப் பச்சை தட்டிவிடும்.