சென்னை வானொலியில் விளம்பரம்: தனியார் எஃப்.எம்.மா, ஆகாசவாணியா, சமுதாய வானொலியா?

எந்த நிலையத்து விற்பனைப் பிரதிநிதி கடைக்கு வந்தாலும், "சென்னையில நாங்கதான் நம்பர் ஒன் சார்" என்றுதான் ஆரம்பிப்பார். அதைப் பொய்யென்றும் சொல்ல முடியாது, மெய்யென்றும் காட்ட முடியாது. வானொலி கேட்பவர்களை அளந்த 'ராம்' கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு ஆகிய நான்கு நகரங்களுக்கானது. சென்னை அதில் இல்லை. ஆகவே 'யார் முதலிடம்' என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, உங்கள் வாடிக்கையாளர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார் என்று பாருங்கள். தேர்வு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

தனியார் எஃப்.எம். நகரம் முழுக்கக் கேட்கும்; விலையும் நகரம் முழுவதற்கும் சேர்த்துத்தான். சூரியன் 93.5, மிர்ச்சி 98.3, ஹலோ 106.4, பிக் 92.7, ரேடியோ சிட்டி 91.1 எல்லாமே சினிமாப் பாட்டு நிலையங்கள்தாம். காரில் போகிறவர் விளம்பரம் வந்ததும் அடுத்ததற்குத் தாவிவிடுவார். நகைக்கடை, ஜவுளிக்கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு விற்பவர் ஆகியோருக்கு இது சரி. வேளச்சேரியில் ஒரே ஒரு பேக்கரி வைத்திருப்பவர் திருவொற்றியூர்க்காரர் காதுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவது வீண்.

விலை பெரும்பாலும் 10 நொடிக் கணக்கில் பேசப்படும். மேலே 18% ஜிஎஸ்டி. இங்கேதான் கவனம் வேண்டும். "100 ஸ்பாட் வாங்கினால் 50 போனஸ்" என்பார்கள் (ஸ்பாட் என்பது விளம்பரம் ஒருமுறை ஒலிப்பது). அந்த ஐம்பதும் எந்த நேரத்தில் என்று எழுதி வாங்காவிட்டால் பாதி இரவு 11 மணிக்கு மேல் போய்ச் சேரும். ரிலீஸ் ஆர்டரில், அதாவது நிலையத்துக்குக் கொடுக்கும் விளம்பர ஆணையில், காலை 8 முதல் 11 வரை எத்தனை, மாலை 5 முதல் 9 வரை எத்தனை என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒரே இடைவேளையில் ஏழெட்டு விளம்பரம் வந்தால் நடுவில் சிக்கியது காதில் ஏறாது. முதலாவதாகவோ கடைசியாகவோ வர கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஸ்பாட் எண்ணிக்கையைக் குறைத்தாவது அதைக் கொடுக்கலாம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்திலும் பெரிய கடைகள் நேரத்தை மொத்தமாக வாங்கிவிடும். அப்போது சிறு கடைக்காரர் ஒதுங்கியிருப்பதே லாபம்.

ஸ்பாட்டைவிட ஆர்.ஜே. வாயால் சொல்லும் மென்ஷன் எடுபடும் என்பது எங்கள் கருத்து. நிகழ்ச்சிக்குள்ளேயே வருவதால் ஆள் நிலையத்தை மாற்றுவதில்லை. ஆனால் அவரிடம் நான்கு வரிக்கு மேல் கொடுத்தால் தன் பாணியில் சுருக்கி, கடை இருக்கும் இடத்தை விட்டுவிடுவார்.

20 நொடிக்குத் தமிழில் 40 சொல் போதும். பத்து இலக்கக் கைபேசி எண்ணை இருமுறை வாசித்தால் ஐந்தாறு நொடி அதிலேயே போகும். வண்டி ஓட்டுகிறவர் அதைக் குறித்துக்கொள்ளவும் முடியாது. "வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல" என்பது மனதில் நிற்கும்.

ஆகாசவாணியின் பலம் செய்தி. தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. செய்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடம் வேண்டுமென்றால் ஆகாசவாணியிடம்தான் போக வேண்டும். அதன் 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை (ஏ.எம்.) ஒலிபரப்பு காஞ்சிபுரம், செங்கல்பட்டுக் கிராமங்கள் வரை போகும். விதை, பம்புசெட், கண் மருத்துவமனை விளம்பரங்களுக்கு அதுவே இடம். நகரத்துக்குள் மட்டும் போதுமென்றால் ஆகாசவாணியின் எஃப்.எம். நிலையமான ரெயின்போ 101.4 இருக்கிறது. கான்கிரீட் வீடுகளில் எல்.இ.டி. விளக்கும் இன்வெர்ட்டரும் கிளப்பும் இரைச்சலில் மத்திய அலை தடுமாறும்.

ஆகாசவாணியில் கட்டண அட்டை வெளிப்படையாக உண்டு. பேரம் குறைவு, நடைமுறை மெதுவாக நகரும்: வசனத்துக்கு ஒப்புதல், முன்பணம், பிறகுதான் ஒலிபரப்பு. பத்து நாளாவது முன்னதாகப் போங்கள். "சர்க்கரை நோய் அடியோடு குணம்" என்று எழுதினால் வசனம் திரும்பி வரும். அந்த விளம்பர நெறிமுறை தனியாருக்கும் பொருந்தும். அங்கே கேள்வி கேட்பவர் குறைவு.

கல்லூரியோ தொண்டு நிறுவனமோ தன் வட்டாரத்துக்காக நடத்தும் சமுதாய வானொலியைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. 2004 பிப்ரவரியில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் 90.4 இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. இத்தகைய நிலையத்தின் ஒலிபரப்புத் திறன் பொதுவாக 100 வாட்தான். கட்டடங்களுக்கு நடுவே சில கிலோமீட்டரில் அடங்கிவிடும். டியூஷன் சென்டர், பல் மருத்துவர், அந்தப் பேக்கரி ஆகியோருக்கு அதுவே வசதி. 2024 விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் போடலாம். அரசு விளம்பரத்துக்கு 10 நொடிக்கு 74 ரூபாய் என்பதால், 30 நொடிக்கு 222 ரூபாயைப் பேரத்தின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தேர்வு, விடுமுறை நாட்களில் மறுஒலிபரப்பே அதிகம் என்பதால் நாட்காட்டியைக் கேட்டுவிட்டு விளம்பர நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். 90.4, 107.8 போன்ற எண்கள் அக்கம்பக்கத்தில் வேறு நிலையங்களுக்கும் தரப்பட்டிருக்கலாம். ரேடியோ எது வலுவோ அதைத்தான் பிடிக்கும். கடை வாசலில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்துக் கேட்டபின் பணம் கட்டுங்கள்.

எங்கே போட்டாலும் பில் தொகையைக் கொடுக்கும் முன் ஒலிபரப்பு லாக் (எந்த விளம்பரம் எப்போது போனது என்ற பதிவேடு) கேளுங்கள். அதில் தேதி, மணி, நிமிடம் இருக்கும். இரண்டு நாளாவது ரேடியோவை ஓடவிட்டு நீங்களே பதிவு செய்து, லாகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்ட ஸ்பாட்டுக்கு மாற்று ஸ்பாட் தருவார்கள். அது அதே நேரப் பிரிவில் வரவேண்டும் என்பதையும் ரிலீஸ் ஆர்டரிலேயே எழுதியிருக்க வேண்டும்.