3.5 பின்னை 4.4 ஆக்கும் அடாப்டர்: பழைய ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

பழைய, விலை குறைந்த ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து ஒரு விற்பனை நடக்கிறது. "உங்கள் ஹெட்ஃபோனில் குறையே இல்லை, அதற்குப் பவர்தான் போதவில்லை. ஒரு பேலன்ஸ்டு ஆம்ப், கூடவே 3.5 மி.மீ. பின்னை 4.4 மி.மீ. ஆக்கும் அடாப்டர், இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், ஹெட்ஃபோன் புதுசாகிவிடும்" என்பார்கள். (ஆம்ப் என்பது ஒலிச் சிக்னலின் பலத்தைக் கூட்டும் கருவி. பேலன்ஸ்டு வகையில் ஒவ்வொரு காதுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டும் தனித்தனி, அதற்கான பின்தான் 4.4.) தயவுசெய்து இந்த ஜோடியை வாங்காதீர்கள். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஆம்பே எரிந்துபோகலாம். என்னுடையது எரிந்தது.

என்னிடம் இருப்பது காஸ் போர்ட்டா ப்ரோ. 1984-இல் வந்த வடிவமைப்பு, இன்றும் விற்பனையில் இருக்கிறது. நல்ல ஹெட்ஃபோன், எனக்கு மிகவும் பிடித்தது. போனில் ஹெட்ஃபோன் ஜாக் இல்லாததால் யுஎஸ்பி-சி டாங்கிள் (போனின் சார்ஜ் துளையில் செருகி 3.5 ஜாக் தரும் சிறு கருவி) போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் குறைவாக இருந்தது, பேஸும் மெலிந்துபோயிருந்தது. ஆம்ப் விற்கும் ஒருவரிடம் விவரம் கேட்டேன். ஹெட்ஃபோனின் பெயரைச் சொன்னேன், பின்னைப் படம் எடுத்தும் அனுப்பினேன். பின்னில் இரண்டு கறுப்புக் கோடுதானே என்று அவரே கேட்டார். ஆமாம் என்றேன். "அது பிரச்சினை இல்லை, அடாப்டர் பார்த்துக்கொள்ளும். பேலன்ஸ்டில் போட்டால் ஒலி அப்படியே விரியும்" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்குப் பதிலின் பொருளும் தெரிந்திருக்கும். அதனால்தான் இதை ஏமாற்று என்று சொல்கிறேன்.

நம்பி வாங்கினேன். ஆம்பும் அடாப்டரும் ஒரே பெட்டியில் வந்தன. பழைய மோனோ பாடல்களில் எந்தத் தொல்லையும் இல்லை. ஸ்டீரியோ பாடல்களைப் போட்டதும் ஆம்ப் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடானது. ஒலியும் விரியவில்லை, இன்னும் நடுவில் குவிந்த மாதிரி கேட்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, "பர்ன்-இன் ஆக வேண்டும், ஓடவிடுங்கள்" என்றார், அதாவது புதுக் கருவி கொஞ்சம் ஓடிப் பழக வேண்டுமாம். ஓடவிட்டதில் இடது பக்கம் கரகரவென்று இரைந்து, அப்புறம் முழுக்க நின்றுபோனது.

பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். பெயர்பெற்ற ஓர் ஆப்-ஆம்ப் சிப் (சிக்னலைப் பெருக்கும் சில்லு) உள்ளே இருக்கிறது என்று சொல்லி விற்றிருந்தார்கள். உள்ளே இருந்த சிப்பின் எழுத்து சுரண்டப்பட்டிருந்தது. ஷார்ட் ஆனால் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று எதுவும் இல்லை. ஆனால் உண்மையான வில்லன் அடாப்டர்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர்கள் மறைப்பது இதைத்தான். சாதாரண 3.5 பின்னில் அந்த இரண்டு கறுப்புக் கோடுகள் பிரிக்கும் மூன்று தொடுமுனைகள்: இடது, வலது, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. பேலன்ஸ்டு 4.4 பின்னில் ஐந்து: நுனியில் இருந்து வரிசையாக இடது பிளஸ், இடது மைனஸ், வலது பிளஸ், வலது மைனஸ், கடைசியில் கிரவுண்டு. பேலன்ஸ்டு ஆம்பில் அந்த மைனஸ் முனைகள் கிரவுண்டு கிடையாது. ஒவ்வொன்றின் பின்னாலும் தனியாக ஓர் ஆம்ப் சுற்று இருக்கிறது, பிளஸ்ஸில் வரும் சிக்னலைத் தலைகீழாக்கி அது அனுப்புகிறது. என் ஹெட்ஃபோனில் இரண்டு காதின் மைனஸ் கம்பிகளும் பின்னிலேயே ஒன்றாகிவிடுகின்றன. அதைப் பிரிக்க எந்த அடாப்டராலும் முடியாது. அடாப்டர் அந்த ஒற்றை முனையை ஆம்பின் இரண்டு மைனஸ் முனைகளிலும் மாட்டிவிட்டால், இரண்டு ஆம்ப் சுற்றுகள் நடுவில் தடையே இல்லாமல் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளுகின்றன.

மோனோ பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே சிக்னல் என்பதால் தள்ளுமுள்ளு இல்லை. ஸ்டீரியோவில் இடதும் வலதும் வேறுபடும் ஒவ்வொரு கணமும் மின்னோட்டம் அந்தச் சுற்றுகளுக்கு இடையே பாய்கிறது. சூடு அங்கிருந்துதான் வந்தது. விரியும் என்ற வாக்குறுதியும் இங்கேயே பொய்யாகிறது. இரண்டு சுற்றும் சம பலத்தில் மோதினால், இடது காதுக்கு மட்டும் போக வேண்டிய ஒலி, அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வலது காதிலும் கேட்கும். குவிந்த மாதிரி எனக்குக் கேட்டது பிரமை இல்லை.

இவ்வளவையும் விற்றவருக்கு எழுதி அனுப்பியதற்கு முதலில் வந்த பதில், "பழைய ஹெட்ஃபோனில் இம்பிடன்ஸ் மாறிப்போயிருக்கும், அதுதான் ஆம்பைக் கெடுத்தது." இம்பிடன்ஸ் என்பது ஹெட்ஃபோன் ஆம்புக்குக் காட்டும் மின்தடை, ஓம் கணக்கில் சொல்வார்கள். மல்டிமீட்டர் என்ற மின் அளவுக் கருவியில் அளந்து, இரண்டு காதும் சரியாக இருப்பதைக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது: "3.5 ஹெட்ஃபோனைப் பேலன்ஸ்டில் போடுவது தவறான பயன்பாடு, வாரண்டி செல்லாது." அதே பெட்டிக்குள் அதற்காகவே அடாப்டர் வைத்து அனுப்பியவர் சொல்கிறார் இதை! உரையாடலை முழுக்கச் சேமித்து வைத்திருந்ததால், பணம் செலுத்திய வழியிலேயே முறையிட்டு ஆம்புக்கான தொகையைத் திரும்பப் பெற்றேன். அவராகத் தரவில்லை. இப்படி ஏதாவது வாங்கும்போது தொலைபேசியில் பேசி முடிக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அந்த ஹெட்ஃபோனுக்குப் பவர் குறைவே கிடையாது. போர்ட்டா ப்ரோ 60 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபல் தரக்கூடியது. 1 வோல்ட் தரும் டாங்கிளில் அதற்குச் சுமார் 17 மில்லிவாட் கிடைக்கும், அதாவது 113 டெசிபல் வரை போகும். அரை வோல்ட் தரும் டாங்கிளிலேயே 107. அவ்வளவு சத்தத்தில் தொடர்ந்து கேட்டால் காதே கெட்டுவிடும். பழைய மலிவு ஹெட்ஃபோன்களில் பெரும்பாலானவை இப்படித்தான், போனிலோ கையடக்கப் பாட்டுக் கருவியிலோ போட்டுக் கேட்கத்தான் செய்யப்பட்டவை. 250 ஓம், 600 ஓம் ஸ்டுடியோ ஹெட்ஃபோன்களுக்குச் சொல்ல வேண்டியதை 32 ஓம், 60 ஓம் ஹெட்ஃபோன்காரரிடம் சொல்லி விற்கிறார்கள்.

என் குறைக்கு உண்மையான காரணங்கள் வேறு. சத்தம் குறைந்தது டாங்கிளுக்குள் இருக்கும் தனி ஒலியளவால். சில ஆண்ட்ராய்டு போன்கள் அதை உயர்த்துவதே இல்லை, திரையில் முழு அளவு காட்டினாலும் டாங்கிள் தாழ்ந்தே ஓடுகிறது. டாங்கிளோடு நேரடியாகப் பேசும் பிளேயர் செயலி ஒன்றைப் போட்டதும் சரியாகிவிட்டது. பேஸ் மெலிந்தது காதுப் பஞ்சால். வருடக்கணக்கில் பஞ்சு நைந்து அமுங்கிப்போனால் காதோடு சரியாகப் பொருந்தாது, முதலில் வெளியே கசிவது பேஸ்தான். புதுப் பஞ்சு மாட்டி, பின்னை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் எனக்குப் பழைய ஒலி திரும்பக் கிடைத்தது. எந்த ஆம்பும் இதைச் செய்திருக்காது.

அதற்கு மேலும் மெருகு வேண்டுமானால் ஈக்வலைசர் (பேஸ் போன்ற ஒலிப் பகுதிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் மென்பொருள்) இருக்கிறது. ஆட்டோஇக்யூ என்ற இலவசத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான ஹெட்ஃபோன்களுக்கு, பழைய மலிவு மாடல்கள் உட்பட, அளந்து கணக்கிட்ட அமைப்புகள் கிடைக்கின்றன. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட் போன்றவற்றில் அவற்றைப் போடலாம். பேஸை 6 டெசிபல் ஏற்றினால் அதே மென்பொருளில் ப்ரீஆம்ப் என்று இருக்கும் மொத்த ஒலியளவை 6 டெசிபல் இறக்குங்கள், இல்லாவிட்டால் ஒலி உடைந்து கேட்கும். இப்படி இறக்கிய பிறகும் சத்தம் போதவில்லை என்றால் மட்டும் ஆம்ப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் விற்பவரிடம் ஆம்பின் அவுட்புட் இம்பிடன்ஸ் (வெளியீட்டில் ஆம்புக்கே உள்ள தடை) எவ்வளவு என்று கேளுங்கள். ஹெட்ஃபோனின் ஓம் அளவில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது, 32 ஓமுக்கு 4 ஓம், 60 ஓமுக்கு ஏழரை. எண்ணைச் சொல்லாமல் "ஒலி வெதுவெதுப்பாக இருக்கும்" என்று மழுப்பினால் அங்கே வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே 4.4 அடாப்டர் வாங்கியவர்கள் ஆம்பில் செருகும் முன் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் (இரண்டு முனைகள் இணைந்திருந்தால் பீப் ஒலிக்கும் நிலை) வையுங்கள். அடாப்டரின் நுனியில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது முனைகளைத் தொடுங்கள். பீப் என்று ஒலித்தால் இரண்டு மைனஸும் ஷார்ட், அதைப் பேலன்ஸ்டு ஆம்பில் செருகவே கூடாது. அந்த இரண்டையும் ஐந்தாவது முனையோடும் தொட்டுப் பாருங்கள், அங்கேயும் ஒலிக்கக் கூடாது. மைனஸ் முனைகளை விட்டுவிட்டு ஐந்தாவது கிரவுண்டு முனையை மட்டும் பயன்படுத்தும் அடாப்டர்களும் உண்டு. அவை ஆம்பை எரிக்காது, ஆனால் கிடைப்பது பாதி வோல்ட்தான், பேலன்ஸ்டின் பலன் எதுவும் இல்லை. 4.4 பின் உள்ள ஹெட்ஃபோனைச் சாதாரண 3.5 ஜாக்கில் மாட்டும் எதிர்த்திசை அடாப்டருக்கு இந்த ஆபத்து கிடையாது, அதைப் பயமில்லாமல் பயன்படுத்தலாம்.