வான்கார்டா, ப்ளூ நோட்டா, ஸ்மால்ஸா? நியூயார்க்கில் ஒரு ஜாஸ் இரவுக்குக் கணக்கு

நியூயார்க் கிரீனிச் வில்லேஜில் மூன்று ஜாஸ் அறைகள் கால் மணி நேர நடைக்குள் அடங்கிவிடுகின்றன. ஏழாவது அவென்யூ சவுத்தில் வில்லேஜ் வான்கார்ட், மேற்கு 10ஆம் தெருவில் ஸ்மால்ஸ், மேற்கு 3ஆம் தெருவில் ப்ளூ நோட். சுற்றுலா வருபவர்கள் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கிழமையையும் செட் நேரத்தையும் பார்ப்பார்கள் (ஒரே மூச்சில் நடக்கும் ஒரு கச்சேரிதான் ‘செட்’). அன்றைக்கு டிரம்ஸ் யார் என்று பார்ப்பவர்கள் இன்னும் விவரம் தெரிந்தவர்கள். ஒரே அறை செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரியும் ஞாயிற்றுக்கிழமை வேறு மாதிரியும் இருக்கும் என்பதால் இந்த வழக்கத்தில் அர்த்தம் உண்டு.

முதலில் பணக் கணக்கு. வான்கார்டிலும் ப்ளூ நோட்டிலும் டிக்கெட் ஒரு செட்டுக்குத்தான், இரவு முழுவதற்கும் அல்ல. ஒரு செட் சுமார் 75 நிமிடம். அது முடிந்ததும் அறையைக் காலி செய்து அடுத்த கூட்டத்தை உள்ளே விடுவார்கள். டிக்கெட்டுக்கு மேல் ‘மினிமம்’ ஒன்று இருக்கும், அதாவது உள்ளே கட்டாயம் வாங்க வேண்டிய குறைந்தபட்ச உணவு அல்லது பானம். ப்ளூ நோட்டில் ஆளுக்கு 20 டாலர். அதன்மேல் நகர விற்பனை வரி 8.875 சதவீதம், பரிமாறுபவருக்கு 20 சதவீத டிப்ஸ். ஆக 20 டாலர் என்று எழுதியிருப்பது பில்லில் 25.78 டாலராக வரும். வான்கார்டில் மினிமம் ஒரு பானம் மட்டுமே, டிக்கெட் அண்மைக் காலத்தில் 40 டாலர் அளவில் இருக்கிறது. ப்ளூ நோட்டில் டிக்கெட் விலை கலைஞருக்குக் கலைஞர் மாறும். மேசைக்கு ஒரு விலை, பாருக்கு அதைவிடக் குறைந்த விலை.

வில்லேஜ் வான்கார்ட்

மேக்ஸ் கார்டன் தொடங்கிய இந்த இடம் 1935 முதல் இதே நிலவறையில் இயங்குகிறது. ஆரம்பத்தில் கவிதை வாசிப்பும் நகைச்சுவையும் நாட்டுப்பாடலும் நடந்தன. 1957க்குப் பிறகு முழுக்க ஜாஸ். சிவப்புப் பந்தலுக்குக் கீழே 15 படி இறங்கினால் ஆப்பு வடிவத்தில் ஓர் அறை. குறுகிய முனையில் மேடை, பின்னால் போகப் போக விரியும். அனுமதி 123 பேருக்கு. சமையலறை கிடையாது. ‘கிச்சன்’ என்று அங்கே சொல்வது கலைஞர்கள் ஓய்வெடுக்கும் பின்னறையைத்தான்.

ஒலிதான் இந்த அறையின் சொத்து. தாழ்ந்த கூரை, முனையில் குவியும் சுவர்கள், மேடைக்குப் பின்னால் திரைச்சீலை. சாக்ஸபோனோ டிரம்பெட்டோ ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் 1957 நவம்பரிலும், பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1961 ஜூனிலும், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் அதே ஆண்டு நவம்பரிலும் இங்கேதான் நேரடிப் பதிவு செய்தார்கள். எவன்ஸ் பதிவில் கண்ணாடிக் கோப்பைகள் மோதும் ஓசை கூட விழுந்திருக்கிறது. இன்றைக்குக் கூட்டம் அதைவிட அமைதி. போனை எடுத்தால் ஊழியர் வந்து நிற்பார், படம் எடுக்கவும் பதிவு செய்யவும் தடை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரும் வாசித்த மேடை இது.

இருக்கைகளுக்கு எண் கிடையாது, முந்தி வந்தவருக்கு முன்வரிசை. 8 மணி செட்டுக்கு 7 மணிக்குக் கதவு திறக்கும். முன்வரிசை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று பலரும் ஓடுகிறார்கள். எங்கள் சிபாரிசு அறையின் நடுப்பகுதி. டிரம்ஸை ஒட்டி உட்கார்ந்தால் சிம்பல் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தாழ்ந்த சுரங்கள் உருவெடுக்கக் கொஞ்சம் தூரம் தேவை. பியானோ கலைஞரின் விரல்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மட்டும் முன்னால் போகலாம்.

கிழமை விஷயம் இங்கேதான் முக்கியம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே குழு, இரவுக்கு இரண்டு செட். செவ்வாய் முதல் செட்டில் புதிய பாடல்களைத் தாளைப் பார்த்து வாசிப்பார்கள், வேகங்கள் இன்னும் ஒத்துவந்திருக்காது. வியாழனுக்குள் தாள் மறைந்துவிடும். வெள்ளி, சனி டிக்கெட் முன்கூட்டியே தீரும், கூட்டத்தில் பாதி ‘வந்து பார்த்தாயிற்று’ என்று சொல்லிக்கொள்ள வந்தவர்கள். ஞாயிறு 10 மணி செட்டுக்கு மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். டிக்கெட் கிடைக்கும். ஐந்து நாள் சேர்ந்து வாசித்த குழு கையைத் திறந்துவிட்டு வாசிக்கும். வாரத்தில் ஒரே ஒரு செட் என்றால் அதுதான். அதில் ஒரு சங்கடமும் உண்டு. முதல் செட் கூட்டம் ஏறி வரும்வரை நடைபாதையில் நிற்க வேண்டும், ஜனவரியில் அது நல்ல தண்டனை.

திங்கட்கிழமை வேறு கதை. தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் தொடங்கிய பெரிய வாத்தியக் குழு, இப்போது வான்கார்ட் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில், அந்த மேடையில் 16 பேராக நெருக்கி உட்கார்கிறது. அன்றைக்கு முன்வரிசை கூடவே கூடாது. எதிரே இருக்கும் சாக்ஸபோன் மட்டும் காதில் விழும், எழுதப்பட்ட இசைக்கோவையின் அடுக்குகள் தெரியாது. பார் பக்கமாகப் பின்னால் உட்காருங்கள்.

ப்ளூ நோட்

1981இல் டேனி பென்சுசன் தொடங்கியது. 1939இல் பிறந்த ப்ளூ நோட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர் ஒற்றுமைதான். இதன் பலம் பெரிய பெயர்கள். பியானோ கலைஞர் சிக் கொரியா தன் 70ஆவது பிறந்தநாளை ஒட்டி 2011இல் ஒரு மாதம் முழுக்க இங்கே வாசித்தார். இன்னொரு பியானோ கலைஞர் ராபர்ட் கிளாஸ்பர் அக்டோபரில் ஒரு மாத முகாமையே வழக்கமாக்கிவிட்டார். ஆயிரம் பேர் அரங்கில் தூரத்துப் புள்ளியாகத் தெரியும் ஒருவரை இங்கே பத்தடி தூரத்தில் பார்க்கலாம்.

அதற்கான விலை டிக்கெட்டோடு நிற்பதில்லை. நீள மேசைகளில் முன்பின் தெரியாதவர்களோடு தோள் உரச உட்கார வேண்டும். பக்கவாட்டு மேசை கிடைத்தால் 75 நிமிடமும் கழுத்தைத் திருப்பியே இருக்க வேண்டும். பரிமாறுவது இசை நடக்கும்போதே நடக்கும். மெதுவான பாடலின் நடுவில் யாரோ ஒருவருக்கு பர்கர் வரும், கடைசிப் பாட்டில் பில் வரும். 10:30 செட் ஆட்களை உட்கார வைக்க வேண்டுமே. சென்னை சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனைப் பார்த்து நடப்பவர்கள் போல, இங்கே பேஸ் சோலோ வந்தால் பேச்சு கிளம்பிவிடும். பாரில் நின்று கேட்பதுதான் உள்ளூர் வழி. செலவு குறைவு, முன்னால் இருக்கும் மேசைக்காரரின் தலை மறைக்காது.

யார் வாசிக்கிறார் என்று பார்க்காமல் ப்ளூ நோட்டுக்குப் போவது வீண். வான்கார்டில் கேள்விப்படாத பெயர் இருந்தாலும் நம்பிப் போகலாம், தேர்வு செய்பவர்களின் காது அப்படி. ப்ளூ நோட்டில் அந்த நம்பிக்கையை நாம் தரமாட்டோம்.

ஸ்மால்ஸும் மெஸ்ரோவும்

மிட்ச் போர்டன் 1994இல் திறந்த ஸ்மால்ஸுக்கு அப்போது மதுபான உரிமம் இல்லை. 10 டாலர் கொடுத்துவிட்டு, பாட்டிலையும் கையில் கொண்டுவந்து, விடியும்வரை உட்காரலாம். 2003இல் மூடப்பட்டு, பிறகு மீண்டும் திறந்தது. 2007இல் பியானோ கலைஞர் ஸ்பைக் வில்னர் பொறுப்பில் சேர்ந்தார். இப்போது பார் உண்டு, கட்டணமும் ஏறிவிட்டது, ஆனாலும் சாயல் மாறவில்லை. குறுகலான நிலவறை, நாற்காலி வரிசைகள், மேடைக்குப் பின் லூயி ஆம்ஸ்ட்ராங் படம். நிகழ்ச்சிகள் இணையத்தில் நேரலையாகப் போகின்றன, 2007 முதல் பதிவுகளும் சேமிப்பில் உள்ளன. அதனால் இங்கே ஏமாறுவதற்குக் காரணமே இல்லை: அன்றைய குழுவின் பழைய நிகழ்ச்சி ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

ஸ்மால்ஸின் உண்மையான வேலை நள்ளிரவுக்குப் பிறகு. ஜாம் செஷனை, அதாவது ஒத்திகை இல்லாமல் சேர்ந்து வாசிக்கும் அமர்வை, ஒரு குழு தொடங்கி வைக்கும், பிறகு கூட்டத்தில் இருப்பவர்கள் ஏறுவார்கள். தொடக்கக் குழு வாசிப்பதைத் தவறவிடாதீர்கள், இரவின் சிறந்த அரை மணி பெரும்பாலும் அதுதான். அதன்பின் தரம் ஏறும், இறங்கும். ஏன் இழுக்கிறது என்பதற்குச் சிறு கணக்கு: 12 பார் ப்ளூஸை (ஒரு ‘பார்’ என்பது நான்கு தட்டு) நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் வாசித்தால் ஒரு சுற்று 24 விநாடி. எட்டுப் பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஆறு சுற்று எடுத்தால் சோலோ மட்டுமே 19 நிமிடத்தைத் தாண்டும். அதற்குப் பிறகுதான் பியானோ, பேஸ், டிரம்ஸ். இளைஞர்கள் இரண்டு சுற்றில் சொல்ல வேண்டியதை ஆறில் சொல்வார்கள், அதைப் பொறுத்துக்கொண்டால் திடீரென்று பெயர்பெற்ற ஒருவர் வேறு கச்சேரி முடித்துக் கருவிப் பெட்டியோடு படியிறங்கி வரும் தருணமும் கிடைக்கலாம்.

வாசிக்க விரும்புகிறவர்களுக்கு: தொடங்கும் முன்பே வந்து, செஷன் நடத்துபவரிடம் பெயரைச் சொல்லுங்கள். பாடலின் மெட்டும் அதற்கான சுரக் கூட்டுகளும் (chords) மனப்பாடமாக இருக்க வேண்டும். மேடையில் போனை விரித்துப் பார்ப்பவரை அடுத்த முறை கூப்பிட மாட்டார்கள். முதல் தடவை இரண்டு மூன்று சுற்றுக்குமேல் எடுக்காதீர்கள். டிரம்ஸ்காரர்கள் குச்சியைக் கொண்டுவர வேண்டும்.

ஸ்மால்ஸிலிருந்து சில கட்டடங்கள் தள்ளி அதே தெருவில் 2014இல் திறந்த மெஸ்ரோ, பியானோவுக்கான அறை. பியானோ-பேஸ் இருவர், சில இரவு மூவர். இந்த ஊரில் டிரம்ஸ் இல்லாத சிறு குழு மரபு இத்தனை ஊறிப்போனதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1926ஆம் ஆண்டு காபரே சட்டத்தின் கீழ், உரிமம் இல்லாத இடங்களில் பியானோவும் தந்தி வாத்தியங்களும் போன்றவை மட்டுமே, அதுவும் மூன்று பேருக்கு மிகாமல் அனுமதிக்கப்பட்டன. ஊதும் வாத்தியமும் தாளக் கருவியும் கூடாது. 1980களின் பிற்பகுதியில் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடுகளை நீக்கியது, மிச்சமிருந்த சட்டம் 2017இல்தான் ரத்தானது. அந்த நெருக்கடியில் வளர்ந்த மெல்லிய வாசிப்பை இன்று கேட்க மெஸ்ரோதான் சரியான இடம். பேசினால் அடக்குவார்கள், பேசிக்கொண்டே பழக வேண்டிய சந்திப்புக்கு இது உதவாது.

மற்றவை

அப்படிப்பட்ட சந்திப்புக்கு கிறிஸ்டோபர் தெருவில் செல்லர் டாக் இருக்கிறது. பழைய ஃபேட் கேட், 2020இல் மூடிப் பெயர் மாறி வந்தது. பில்லியர்ட்ஸ், டேபிள் டென்னிஸ், ஓரத்தில் நல்ல குழு. இசை பின்னணிக்குப் போய்விடும், அதுதான் அதன் இயல்பு. கொலம்பஸ் சர்க்கிளில் ஐந்தாம் மாடியில் 2004 முதல் இயங்கும் டிஸ்ஸீஸ் கிளப்பில் மேடைக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் சென்ட்ரல் பார்க். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போக அதைவிட வசதி வேறில்லை: லிஃப்ட், உட்கார்ந்து சாப்பாடு, 7 மணிக்கே முதல் செட்.

முடிவாக எது?

ஒரு இரவு, ஒரு ஆள், செலவு அளவோடு என்றால்: வாரநாளில் வான்கார்ட் 8 மணி செட், பிறகு மெக்டூகல் தெருவில் மாமூன்ஸ் கடையில் ஃபலாஃபல் (கொண்டைக்கடலை வடை), 10:30 வாக்கில் மெஸ்ரோ, நள்ளிரவுக்கு மேல் ஸ்மால்ஸ். வான்கார்டில் சாப்பாடு இல்லை என்பதை மறந்து வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள். ப்ளூ நோட்டை, கேட்டே தீர வேண்டிய பெயர் வரும் வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். வயது 21க்கு மேல் என்பதற்கு அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும், நரைத்த தலையிடமும் கேட்பார்கள்.

பார்கள் அதிகாலை 4 மணிவரை திறந்திருக்கலாம், சப்வே இரவு முழுக்க ஓடும். நள்ளிரவுக்குப் பின் 1ஆம் ரயில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒன்று. 2ஆம் ரயிலும் அந்நேரம் எல்லா நிலையங்களிலும் நிற்பதால் கிறிஸ்டோபர் தெருவிலேயே ஏறலாம். ஜெர்சி சிட்டிக்காரர்களுக்கு இரவெல்லாம் ஓடும் பாத் ரயில் அதே கிறிஸ்டோபர் தெருவில் இருக்கிறது. நியூஜெர்சியின் எடிசன் பக்கம் போக வேண்டியவர்கள் பென் ஸ்டேஷனிலிருந்து கடைசி ரயில் நேரத்தை முன்பே பார்த்துவையுங்கள். அது போய்விட்டால் அடுத்தது விடியற்காலைதான், ஆகவே வாரநாளில் ஜாம் செஷன் உங்களுக்கு இல்லை.