கைதச்சக்கையா, பப்பாளிக்காயா, மாத்திரையா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் கன்று வைத்த தோட்டங்களில் இடையில் கைதச்சக்கை, அதாவது அன்னாசி போடுவார்கள். அதனால் மாட்டிறைச்சியும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) தின்ற மதியம் யாருக்காவது வயிறு கனத்தால், "ரெண்டு துண்டு கைதச்சக்கை தின்னு மக்களே" என்று ஒரு சித்தி சொல்வார். இறைச்சியில் பப்பாளிக்காய் சேர்த்திருக்கணும் என்பார் பாட்டி. மாமா மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்புவார். மூன்றிலும் சாப்பாட்டை உடைக்கும் நொதி (என்சைம்) உண்டு. ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலைக்காரர்கள்.

என் ஓட்டு பாட்டிக்கு. பச்சைக் காயின் தொலியைக் கீறினால் வடியும் பாலில் பப்பைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை வெட்டும். காயை அரைத்து முற்றிய இறைச்சியில் பிசறி வைத்தால் நார் தளர்ந்துவிடும். அதிக நேரம் விட்டால் மேல்பகுதி கூழாகிப் போகும். 60 டிகிரிச் சூட்டிலும் பப்பைன் சுறுசுறுப்பாகவே இருக்கும். நன்றாகப் பழுத்த பப்பாளியில் அது மிகக் குறைவு.

கைதச்சக்கையின் புரோமலைனும் புரதம் வெட்டுவதுதான். நாலு துண்டு தின்றதும் நாக்கு குத்துகிறதே, அதில் அதற்கும் பங்குண்டு. பச்சடிக்கு வேகவைத்தால் போச்சு, சூட்டில் செயலிழந்துவிடும். பச்சையாகத் தின்றாலும், இரைப்பையில் அமிலத்தோடு பெப்சின் என்ற நம் சொந்த நொதி ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. வயிறு கனப்பதற்கு நொதிக் குறைவுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. கொழுப்பு நிறைந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்கவே நேரமாகும்.

அப்புறம் மரச்சீனி. அது மாவுச்சத்து. பப்பைனோ புரோமலைனோ அதைத் தொடாது. அதற்கு அமிலேஸ் வேண்டும், அது நம் உமிழ்நீரிலேயே இருக்கிறது. அவித்த கிழங்கில் ஒரு துண்டை, சம்மந்தி தொடாமல், ஒரு நிமிடம் மென்று பாருங்கள். மெல்ல ஒரு இனிப்பு தட்டும். மாவு சர்க்கரையாக மாறுவதை நாக்கே காட்டிக் கொடுக்கிறது. மிச்ச வேலையைச் சிறுகுடலில் கணையத்தின் அமிலேஸ் பார்த்துக்கொள்ளும். அவசரமாக விழுங்கினால் முதல் கட்டம் வீணாகிறது, எனக்கு அதில்தான் வருத்தம்.

மாமாவின் மருந்துக்கு வருவோம். ஜீரண சிரப்புகள் பலவற்றில் பூஞ்சையிலிருந்து எடுத்த டயஸ்டேஸ் இருக்கும். ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே அந்த வகை நொதிக்கு 1894இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அது மாவைக் கரைக்கும். ஆரோக்கியமான வயிற்றுக்கு அது கட்டாயமில்லை.

கணையம் கெட்டவர்களின் கதை வேறு. மலம் எண்ணெய்ப் பசையாக மிதக்கிறது, சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது என்றால் கைதச்சக்கை தின்று நாளைக் கடத்தாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். கொழுப்பை உடைக்கும் லிப்பேஸ் எந்தப் பழத்திலிருந்தும் போதுமான அளவுக்குக் கிடைக்காது. அவர்களுக்குத் தருவது லிப்பேஸ் உள்ளிட்ட கணைய நொதிகள் அடங்கிய பேங்க்ரியாட்டின் கேப்சூல். இரைப்பை அமிலம் நொதியைக் கெடுத்துவிடாமல் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளுக்கு மேல்பூச்சு போட்டிருப்பார்கள். அதனால் கடித்து மெல்லக் கூடாது. சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், கை கழுவி எழுந்த பிறகு அல்ல.