சும்மா கிடக்கும் பிரிண்டர்: கார்ட்ரிட்ஜா, டேங்கா, லேசரா?

பிரிண்டர் வாங்கக் கிளம்புகிறவரிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "மாசத்துக்கு எத்தனை பக்கம் எடுப்பீங்க?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் சொல்லியும் தப்பான மிஷினை வாங்கிவந்து தலையில் கைவைத்தவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு பிரிண்டுக்கும் அடுத்த பிரிண்டுக்கும் நடுவில் அது அதிகபட்சம் எத்தனை நாள் சும்மா கிடக்கும்? மாதம் 60 பக்கம் என்பது தினமும் இரண்டு பக்கமாக இருக்கலாம். ப்ராஜெக்ட் ஒப்படைக்கும் முந்தின நாள் இரவில் மொத்தமாக 60 ஆகவும் இருக்கலாம். கணக்கில் இரண்டும் ஒன்று. மிஷினுக்கு அப்படியில்லை.

இங்க்ஜெட்டில், அது மை அடைத்த சிறு பெட்டியை மாற்றிப் போடும் கார்ட்ரிட்ஜ் ஆனாலும், பாட்டிலிலிருந்து மையை ஊற்றிக்கொள்ளும் டேங்க் ஆனாலும், மை பீய்ச்சும் துளைகள் தலைமுடியின் தடிமனைவிடச் சிறியவை. மையிலோ பெரும்பகுதி தண்ணீர். வேலை முடிந்ததும், அந்தத் துளைகள் இருக்கும் பாகமான ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின்மேல் உட்கார்ந்துகொள்ளும். அந்த மூடி மை காய்வதைத் தள்ளிப்போடுமே தவிர, தடுத்து நிறுத்தாது. சுவர் சுவிட்சைத் தட்டி அணைக்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பாதுகாப்பும் போயிற்று. ஹெட் மூடிக்குத் திரும்புமுன் மின்சாரம் போனால் துளைகள் திறந்தபடியே காயும். பிரிண்டரின் பட்டனை அழுத்தி, விளக்கு முழுதாக அணைந்த பிறகுதான் சுவிட்சில் கைவைக்க வேண்டும்.

லேசரில் காய்வதற்கு எதுவுமில்லை. டோனர் என்பது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். ஆறு மாதம் தூசி படிந்து கிடந்த லேசரை ஆன் செய்தால் முதல் பக்கமே சுத்தமாக வரும். இந்த ஒரு வித்தியாசம் மற்ற எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடுகிறது.

கார்ட்ரிட்ஜ்

மூன்றில் இதற்குத்தான் வாங்கும் விலை குறைவு. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு இதில்தான் மிக அதிகம். சின்னக் கார்ட்ரிட்ஜ் ஒன்றில் சில மில்லி மைதான் இருக்கும், அது 100 முதல் 200 பக்கம் வரை போகும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கலர் இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711, கறுப்பு லேசருக்கு ஐஎஸ்ஓ 19752 என்று தனித்தனித் தரச்சோதனைகள் உண்டு. இரண்டிலும் குறிப்பிட்ட மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டு எண்ணுகிறார்கள். வீட்டில் யாரும் அப்படி அச்சிடுவதில்லை. இன்று இரண்டு பக்கம், பத்து நாள் கழித்து ஒன்று. ஒவ்வொரு இடைவெளிக்குப் பிறகும் இங்க்ஜெட் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள மையை உறிஞ்சிக் கழிவுப் பஞ்சுக்குள் துப்புகிறது. அந்த மை பெட்டியில் போட்ட கணக்கில் இல்லை. எப்போதாவது மட்டும் எடுக்கிறவருக்கு, வாங்கிய மையில் காகிதத்துக்குப் போவதைவிடப் பஞ்சுக்குப் போவது அதிகமாகக்கூட இருக்கலாம். லேசரில் அப்படிப்பட்ட சுத்தம் இல்லாததால் பெட்டியின் எண் ஓரளவு நம்பத்தக்கது.

கார்ட்ரிட்ஜ் வகைக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. எச்பி, கேனான் இரண்டின் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஹெட், கார்ட்ரிட்ஜோடு ஒட்டியே வருகிறது. அடைத்துக்கொண்டால் புதுக் கார்ட்ரிட்ஜ் போட, ஹெட்டும் புதிதாகிவிடும். அதற்கு முன் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. டிஷ்யூவை நான்காக மடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கார்ட்ரிட்ஜின் துளைப் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நிமிடம் வைத்து ஒற்றி எடுங்கள். கலர் கார்ட்ரிட்ஜ் என்றால் மூன்று நிறக் கோடுகளும் தெரிய வேண்டும். ஒன்று வரவில்லையென்றால் அது அடைத்திருக்கிறது, அல்லது தீர்ந்திருக்கிறது. செம்பு நிறத் தொடுபுள்ளிகளில் ஈரம் படக்கூடாது. மை தீர்ந்த கார்ட்ரிட்ஜை விடாமல் ஓட்டுவதும் வினை: இந்த வகையில் மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித்தான் துளி வெளியேறுகிறது, மையே இல்லையென்றால் அந்தச் சூட்டில் ஹெட் கருகிவிடும். பிறகு ரீஃபில் செய்தும் பயனில்லை.

'மை குறைவு' என்று மறியல் செய்யும் மிஷினுக்கு இரண்டு உபாயங்கள். இரண்டு கார்ட்ரிட்ஜ் போடும் எச்பி மாடல்கள் பலவற்றில் தீர்ந்துபோனதை வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை வைத்து ஓடும். கேனான் மாடல்கள் பலவற்றில் 'ஸ்டாப்' பட்டனை ஐந்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் மை அளவு பார்ப்பதை அது கைவிடும்.

அடுத்து, கார்ட்ரிட்ஜ் யாருடையது என்று பிரிண்டருக்குக் காட்டிக்கொடுக்கும் சிப். 2016 செப்டம்பர் 13 அன்று எச்பி ஆபீஸ்ஜெட் வகைப் பிரிண்டர்கள் பல, அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த வேறு கம்பெனிக் கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுத்தன. முன்பே வந்திருந்த ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இயங்கும் மென்பொருள்) அன்று விழித்துக்கொண்டதுதான் காரணம். எதிர்ப்பு வலுத்ததும் அதை நீக்கும் அப்டேட்டை எச்பி வெளியிட்டது, ஆனால் அந்த வழக்கத்தை விட்டுவிடவில்லை. 2017-இல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனி தொடர்ந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விற்ற கார்ட்ரிட்ஜின்மேல் காப்புரிமையைக் காட்டி ரீஃபிலைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் தடுக்காததைச் சிப் தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ரீஃபில் எண்ணம் இருந்தால் முதல் நாளே செட்டிங்கில் தானியங்கி அப்டேட்டை நிறுத்துங்கள். மாடல் பெயரின் கடைசியில் ஆங்கில 'இ' எழுத்து ஒட்டியிருக்கும் எச்பி மிஷின்களில், கூடுதல் சலுகைக்குச் சம்மதித்துப் பதிவு செய்துவிட்டால் இணைய இணைப்பும் அசல் மையும் கட்டாயம் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வரும். மாதச் சந்தா மையில் இன்னொரு வேடிக்கை: சந்தாவை நிறுத்தினால் உள்ளே மை இருந்தாலும் அந்தக் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது.

டேங்க்

எப்சன் 2010-இல் இந்தோனேசியாவில் முதலில் விற்கத் தொடங்கிய வகை இது. இன்று பெரிய கம்பெனிகள் பலவற்றிடமும் இருக்கிறது. 65 மில்லி கறுப்பு மை பாட்டில் ஒன்று 4,000 பக்கத்துக்கு மேல் போகும். பக்கச் செலவில் கார்ட்ரிட்ஜ் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. வாரம் தவறாமல் கலர் எடுக்கும் வீட்டுக்கோ சிறு அலுவலகத்துக்கோ இதை மிஞ்ச ஒன்றுமில்லை.

ஆனால் டேங்கிலும் இரண்டு ஜாதி. எப்சனில் ஹெட் மிஷினோடு நிரந்தரமாக இருப்பது. மின்னழுத்தம் தர வளையும் படிகத்தால் மையைத் தள்ளும் பீசோ முறை அது. சூடு இல்லாததால் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஒரேயடியாக அடைத்துக்கொண்டால், சரிசெய்வதா புதிது வாங்குவதா என்று யோசிக்க வைக்கும் செலவு. கேனான், எச்பி டேங்க் மாடல்கள் பலவற்றில் கறுப்புக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என ஹெட் தனியாகக் கழற்றி மாட்டும் பாகம். அடிக்கடி சும்மா கிடக்கும் இடத்தில் டேங்க்தான் வேண்டுமென்றால் இந்த இரண்டாம் ஜாதியே நல்லது. மாற்று ஹெட் தனியாகக் கிடைக்கிறதா என்பதை வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

கோடு கோடாக வந்தால் முதலில் நாசில் செக் (துளைச் சோதனை) பக்கம் ஒன்று எடுங்கள். எந்த நிறத்தில் இடைவெளி என்று அது காட்டும். ஹெட் கிளீனிங் ஒருமுறை, மறுபடி செக், இன்னொருமுறை, மறுபடி செக். மூன்றாவதிலும் தேறவில்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பத்து முறை தொடர்ந்து ஓட்டினால் மை பஞ்சுக்குப் போகுமே ஒழிய அடைப்பு போகாது. அணைத்துவிட்டு 12 மணி நேரம் விட்டால் காய்ந்த மை இளகும், குழாயில் புகுந்த காற்றுக்குமிழியும் அடங்கும். பிறகு ஒரு முறை. இந்தப் பொறுமை இல்லாமல்தான் பல மிஷின்கள் சர்வீஸுக்குப் போகின்றன. கடைசி ஆயுதமாகப் பல மாடல்களில் 'பவர் கிளீனிங்' இருக்கும். அது குழாயில் உள்ள மையையே மொத்தமாக இழுத்து வெளியேற்றுவது. எல்லா டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இல்லாமல் அதைத் தொட்டால் குழாயில் காற்று ஏறி, இருந்ததும் கெடும்.

மை கீழ்க்கோட்டுக்கு இறங்கவிடுவதும் அதே தவறுதான். டேங்க் மிஷினைச் சாய்த்துத் தூக்கிச் செல்வது இன்னொன்று. போக்குவரத்துப் பூட்டு இருந்தால் போட்டு, சமமாகவே தூக்க வேண்டும். மலிவு பாட்டில் வாங்கும்போது டை (கரையும் சாயம்) மையா, பிக்மெண்ட் (கரையாத நிறத்துகள்) மையா என்று பார்த்து அதே வகையை ஊற்றுங்கள், இரண்டும் கலந்தால் திரிந்து அடைக்கும். தண்ணீர் பட்டால் டை கரைந்து ஓடும், பிக்மெண்ட் ஓரளவு தாங்கும்.

கழிவுப் பஞ்சையும் மறக்கக்கூடாது. பஞ்சு நிரம்பியதாக உள் கணக்கு சொன்னால் மிஷின் அடியோடு நின்றுவிடும், டேங்க் நிறைய மை இருந்தாலும். புதிய மாடல்கள் பலவற்றில் 'மெயின்டனன்ஸ் பாக்ஸ்' என்று நாமே மாற்றும் பெட்டி இருக்கிறது. இரண்டு மாடலுக்கு நடுவில் மனம் ஊசலாடினால் அது இருப்பதை எடுங்கள்.

லேசர்

கறுப்பு லேசரின் வாங்கும் விலை அதிகம்தான். பக்கச் செலவில் டேங்க் இதை முந்துவதும் உண்மை. ஆனாலும் ஆவணங்கள் மட்டும் எடுக்கிற, மூன்று வாரத்துக்கு மேல் சும்மா கிடக்க வாய்ப்புள்ள இடத்தில் வேறு எதையும் சிபாரிசு செய்ய முடியாது. எழுத்து கூர்மையாக இருக்கும். 'ணை', 'னை' போன்ற நுணுக்கங்கள் சின்ன எழுத்திலும் குழம்பாது. தண்ணீர் சிந்தினாலும் மை பரவாது.

அதன் தொல்லைகள் வேறு ரகம். புது மிஷினோடு வரும் டோனர் பெரும்பாலும் அரைகுறை நிரப்பு. 700 பக்கத்தில் தீர்ந்தால் மிஷின்மேல் பழி போடாதீர்கள். சில கம்பெனிகளில் டோனரும், அதை ஏந்திக் காகிதத்துக்கு மாற்றும் உருளையான டிரம்மும் ஒரே பாகம், சிலவற்றில் தனித்தனி. தனி டிரம் 10,000 பக்கத்துக்கு மேல் உழைக்கும், அதன் விலையைத் தனியே கணக்கில் சேர்க்க வேண்டும். டோனர் மங்கினால் வெளியே எடுத்து, கிடைமட்டமாகப் பிடித்து, பக்கவாட்டில் ஐந்தாறு தடவை ஆட்டிப் போடுங்கள். கணிசமான பக்கங்கள் இன்னும் வரும்.

டோனரை உருக்கிக் காகிதத்தில் ஒட்டும் ஃப்யூசர் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகிறது. அந்த நேரத்தில் மின் இழுப்பு 800 வாட்டையும் தாண்டலாம். அதனால் கம்ப்யூட்டருக்கு வைத்த சின்ன யுபிஎஸ்ஸில் லேசரைச் செருகக்கூடாது; கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். இங்க்ஜெட் போட்டோ பேப்பரை லேசரில் விட்டால் பூச்சு உருகி ஃப்யூசரில் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஃப்யூசரையே மாற்ற வேண்டிவரலாம். தூள் சிந்தினால் உலர்ந்த துணி, பிறகு குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் இளகி ஒட்டிவிடும். சாதாரண வேக்குவம் கிளீனர் வேண்டாம். தூள் வடிகட்டியைத் தாண்டி அறை முழுக்கப் பறக்கும்.

பக்கத்தில் ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 75 அல்லது 94 மில்லிமீட்டர் போல வந்தால் பெரும்பாலும் டிரம்மில்தான் கீறல். அது டிரம்மின் சுற்றளவு. எழுத்து விரலில் தேய்த்தால் உதிர்கிறதா? தடிமனான காகிதத்தைப் போட்டுவிட்டு செட்டிங்கில் 'சாதாரணக் காகிதம்' என்று விட்டிருப்போம். அதை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும்.

கலர் லேசரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. நான்கு டோனர், பெரிய உடம்பு, போட்டோவில் சுமார். வரைபடமும் விளக்கப்படமும் நிறைய எடுக்கும் அலுவலகத்துக்கு மட்டும்.

மூன்றுக்கும் பொதுவான தலைவலி வைஃபை. பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம், ரவுட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுத்துவிட்டதுதான். ரவுட்டர் செட்டிங்கில் அந்த முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு, விண்டோஸில் பிரிண்டரை டிசிபி/ஐபி வழியாக அதே முகவரியில் சேர்த்தால் தொல்லை தீரும். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும்; போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது செட்டப் தோற்பது அதனால். மேசைக்குப் பக்கத்திலேயே மிஷின் என்றால் யுஎஸ்பி கேபிள் போதும். பிடிஎஃப்பில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக அச்சானால், அக்ரோபாட்டில் பிரிண்ட் பெட்டியின் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆகவே: ஆவணம் மட்டும், இடைவெளி நீளம் என்றால் கறுப்பு லேசர். வாரா வாரம் கலர் ஓடும் என்றால் டேங்க். கார்ட்ரிட்ஜுக்கு மிச்சமிருப்பது குறுகிய இடம்தான்: கலர் கட்டாயம், பக்கம் சொற்பம், பணத்தை ஒரேயடியாகப் போட முடியாது. அந்த இடத்திலும் வருடத்துக்கு முப்பது பக்கம் போல என்றால் மிஷினே வேண்டாம், பிரிண்ட் கடை போதும். ஃபைலை மட்டும் பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள். வேர்டு ஃபைலாகக் கொடுத்தால், அங்கே உங்கள் எழுத்துரு இல்லாதபோது வரிகள் நகர்ந்து பக்கம் மாறிவிடும். வேலை முடிந்ததும் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழிக்கச் சொல்வதும் நல்லது.

லேசரின் புது விலை உறுத்தினால் பழையதைப் பார்க்கலாம். பழைய இங்க்ஜெட்டை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். பழைய லேசரில் மெனுவிலிருந்து செட்டிங் பக்கம் ஒன்றை அச்சிட்டால் இதுவரை ஓடிய மொத்தப் பக்கமும், பல மாடல்களில் டிரம்மின் மிச்ச ஆயுளும் தெரியும். பிறகு ஒரு வெற்றுப் பக்கம், ஒரு முழுக் கறுப்புப் பக்கம். வெற்றுப் பக்கத்தில் சாம்பல் படலமோ செங்குத்துக் கோடோ இருந்தால் டிரம் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். இருபது காகிதத்தைத் தொடர்ந்து விட்டுப் பாருங்கள். இரண்டிரண்டாக இழுத்தாலோ, இழுக்காமல் வழுக்கினாலோ காகிதம் இழுக்கும் ரப்பர் ரோலர் தேய்ந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் சில நாள் ஓடும். பிறகு மாற்ற வேண்டும், பெரிய செலவில்லை.