உப்புக்காத்துல பிக்கப் இல்லாமப் போற வண்டி: த்ராட்டில் சென்சார் பத்தி மண்டபத்துல இருந்து ஒரு அனுபவம்

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன், இந்தப் பக்கம் கார் வச்சிருக்கவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இதான். வண்டி இழுக்கலன்னு ஒர்க்‌ஷாப்புக்குப் போனதுமே த்ராட்டில் பாடிய (இன்ஜினுக்குள்ள போற காத்த தகடு வச்சு கட்டுப்படுத்துற பார்ட்) மாத்தணும்னு சொன்னா உடனே சரின்னு சொல்லிடாதீங்க, கப்ளரையும் (வயர் வந்து சொருகுற பிளக்) எர்த்தையும் (வண்டி பாடில மாட்டியிருக்க நெகட்டிவ் இணைப்பு) பாத்தீங்களான்னு கேளுங்க. பல வருஷமா ஒரே பெட்ரோல் ஹேட்ச்பேக், ஃபோனோட ப்ளூடூத்ல சேர்ற வண்டி கம்ப்யூட்டர்ல இருக்க கோளாறு கோடப் படிக்கிற சின்ன ஓபிடி ஸ்கேனர், ஒரு சாதா மல்டிமீட்டர், இத வச்சு கடலோரத்துலயே ஓட்டுனதுல தெரிஞ்சத எழுதுறேன்.

கம்ப்ளைண்ட் என்னன்னா, காலைல எடுத்து கொஞ்ச தூரம் போனதும் செக் இன்ஜின் லைட் எரியும், ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சாலும் ஆர்பிஎம் 2000 பக்கத்துலயே நிக்கும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும், மத்தியான வெயில்ல ஒண்ணுமே இருக்காது. ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து அடிக்கிறப்ப அதிகம், சித்திரைல சுத்தமா இல்ல. ஒரு தடவ பாம்பன் ரோட்டுப் பாலத்துல ஏறும்போதே வந்துச்சு. அந்தப் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, நடுவுல மேடு, ஓரத்துல ரயில் பாலத்தப் பாக்க வண்டிய நிறுத்திட்டு நிக்கிற கூட்டம், பின்னாடி ராமேஸ்வரம் பஸ்சு ஹாரன் அடிக்கிறான், அங்க இழுவை போச்சுன்னா உயிருக்கே ஆபத்துங்க.

ஸ்கேனர்ல வந்த கோடு பி 2135. த்ராட்டில் பாடிக்குள்ள ஒரே தகட்டோட பொசிஷன ரெண்டு சென்சார் தனித்தனியா சொல்லும், நெறைய வண்டில ஒண்ணோட வோல்ட் ஏறும்போது இன்னொண்ணு இறங்கும், கூட்டுனா 5 வோல்ட் பக்கத்துல வரணும். ரெண்டு சாட்சி மாதிரி, பேச்சு ஒத்துவரலன்னா கம்ப்யூட்டர் ரெண்டையுமே நம்பாது, த்ராட்டில் மோட்டாருக்கு கரண்ட நிறுத்திடும், ஸ்பிரிங் புடிச்சு வச்சிருக்க கொஞ்சூண்டு திறப்புலதான் வண்டி நகரும். அதான் லிம்ப் மோடு. இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, அந்தக் கோடு சர்க்யூட்டுல பிரச்சினைன்னு மட்டும்தான் சொல்லுது. சென்சார், கப்ளர், வயர், எர்த் எல்லாமே அந்த சர்க்யூட்தான்.

ஒர்க்‌ஷாப்ல வண்டிய மத்தியானம் பாத்தாங்க, கோடப் படிச்சாங்க, முழு த்ராட்டில் பாடிக்கு எஸ்டிமேட் போட்டாங்க. நான் வண்டிய எடுத்துட்டு வந்து விசைப்படகுல எலக்ட்ரிக் வேல பாக்குற தெரிஞ்ச அண்ணன்கிட்ட காட்டுனேன். அவரு கேட்ட மொத கேள்வியே "தம்பி, காலைல மட்டும் வருதா?"ங்கிறதுதான். படகுல தெனமும் இதத்தான் பாக்குறாரு. உப்பு படிஞ்ச எடத்துல காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல போனா அந்த உப்பே தண்ணிய இழுத்து கரைஞ்சிடும், பின்னுக்குப் பின் கரண்ட் கசியும், வெயில் ஏறுனா காஞ்சு ஒண்ணும் தெரியாது. நேரம் பாத்து வர்ற கம்ப்ளைண்டுன்னா பார்ட்ட விட கப்ளர் மேலதான் சந்தேகம் வரணும்.

மறுநாள் விடிகாலைல, வண்டி ஈரமா இருக்கும்போதே பாத்தோம். இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் ஆன் பண்ணி, கப்ளருக்குப் பின்பக்கமா மெல்லிசான ஊசிய விட்டு அளந்தோம். வயர் தோல ஊசியால குத்தவே கூடாது, இந்த ஊர்ல அந்த ஓட்டை வழியாவே உப்பு உள்ள போய் செம்ப அரிச்சிடும். வயர லேசா அசைச்சாலே ஒரு சிக்னல் மட்டும் துள்ளுச்சு. பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு கப்ளர உருவுனா, ஒரு பின் பச்சையா பூத்திருந்துச்சு, ரப்பர் சீல் நசுங்கிக் கெடந்துச்சு. வண்டி பாடில மாட்டுற எர்த் லக்கும் (எர்த் வயர் முனைல இருக்க வளையம்) துரு. எர்த்த ஓம்ஸ்ல பாத்து நம்பிடக்கூடாது, இன்ஜின் ஓடும்போது லைட், ஃபேன் எல்லாம் போட்டு அந்த எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வோல்ட் டிராப் பாக்கணும், 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது.

கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய விட்டு, சீல் மாத்தி, டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சமா வச்சு மாட்டுனோம். கப்ளர் பின்ன உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, மேல இருக்க முலாம் போயிடும், அப்புறம் இன்னும் வேகமா பூக்கும். அதுக்கப்புறம் ரெண்டு வாடைக்காலம் தாண்டிடுச்சு, அந்தக் கோடு திரும்ப வரல.

ஸ்கேனர் பத்தி சொல்லணும்னா, விலைக்கு ரொம்ப நல்ல பொருள், ஆனா மெதுவா படிக்கும், கண் சிமிட்டுற நேரத்துல துள்ளுறத விட்டுடும், அதுக்கு பழைய முள்ளு மீட்டர்தான் நல்லது. காலே வைக்காதப்ப த்ராட்டில் 15 சதவீதம் பக்கம் காட்டுனா பயப்படாதீங்க, நெறைய வண்டில மூடியிருக்கப்பவே அப்படித்தான் காட்டும். எனக்கு ரொம்பப் புடிச்ச செக் மேப் சென்சார் (இன்ஜின் இழுக்குற காத்தோட அழுத்தத்த அளக்குறது) தான், நாம கடல் மட்டத்துல இருக்கோம், இன்ஜின் ஆஃப்ல சாவி ஆன்ல 100, 101 கிலோபாஸ்கல் காட்டணும், நல்லா தள்ளிக் காட்டுனா அந்த சென்சார் மேலயோ அதோட வயர் மேலயோ கண் வைங்க. அதே மாதிரி ஆர்பிஎம் ஏறி வண்டி மட்டும் போகலன்னா கிளட்ச், த்ராட்டில் பக்கமே போக வேண்டாம். டீசல் வண்டின்னா டர்போ ஹோஸ், இஜிஆர் (புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கு அனுப்புற வால்வு)னு கதையே வேற.

பார்ட்டே போயிருக்கலாமான்னா, போகலாம். பெடல ரொம்ப மெதுவா அமுக்கும்போது எப்பவும் அதே எடத்துல ரீடிங் துள்ளுச்சுன்னா, கப்ளரும் சுத்தமா இருந்துச்சுன்னா, அப்ப மாத்துங்க. ஆக்சிலேட்டர் கேபிள் இருக்க பழைய வண்டில பெரும்பாலும் சென்சார மட்டும் ஸ்க்ரூ கழட்டி மாத்திடலாம், எலக்ட்ரானிக் த்ராட்டில்ல அது பாடியோடயே வரும். மாத்துனதும் அந்த வண்டிக்கு சொல்லியிருக்க மாதிரி ரீலேர்ன் (புது பார்ட்டோட பொசிஷன கம்ப்யூட்டருக்குப் பழக்குறது) பண்ண வைங்க, இல்லன்னா ஐடில் ஏறியே நிக்கும்.

தனுஷ்கோடி போய்ட்டு வந்தா அடிப்பக்கத்த நல்ல தண்ணில கழுவுங்க, ஆனா பானெட்டுக்குள்ள பிரஷர் வாஷ் வேண்டவே வேண்டாம், அதுவும் நம்ம ஊரு உவர் போர் தண்ணில. பெடல் சென்சார் கோடு பி 2138 வந்தாலும் இதே முறைதான், ஆனா அந்தக் கப்ளர் கேபினுக்குள்ள இருக்கு, அங்க உப்பு அவ்வளவு ஏறாது, அதனால அங்க மட்டும் பார்ட்ட சீக்கிரமே சந்தேகப்படலாம்.