அசிமோவின் ஃபவுண்டேஷன்: எதில் தொடங்கி எதில் முடிப்பது?

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவின் ஃபவுண்டேஷன் தொடரைப் படிக்கச் சொன்னால் உடனே வரும் கேள்வி, "எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது?" நியாயமான கேள்விதான். ஃபவுண்டேஷன் நாவல்களே ஏழு. அவற்றோடு பின்னாளில் முடிச்சுப் போடப்பட்ட ரோபாட் நாவல்கள் நான்கு, பேரரசு நாவல்கள் மூன்று, ரோபாட் சிறுகதைகள் தனி. கதை நடக்கும் காலம் ஒரு பக்கம் போகிறது, எழுதப்பட்ட காலம் இன்னொரு பக்கம்.

1942 முதல் 1950 வரை அஸ்டவுண்டிங் என்ற அறிவியல் புனைகதைப் பத்திரிகையில் வந்த கதைகள், 1951 தொடங்கி ஆண்டுக்கொன்றாக 'ஃபவுண்டேஷன்', 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்', 'செகண்ட் ஃபவுண்டேஷன்' என்று மூன்று புத்தகங்களாயின. அப்புறம் ஏறக்குறைய முப்பது வருடம் அசிமோவ் அந்தப் பக்கமே போகவில்லை. பதிப்பகம் விடாமல் நச்சரித்ததில் 1982-இல் 'ஃபவுண்டேஷன்ஸ் எட்ஜ்' எழுதினார். 1986-இல் 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்'. அதற்குமேல் கதையை முன்னே நகர்த்தாமல், பேரரசு சரியப்போவதைக் கணக்குப் போட்டுச் சொல்லி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நிறுவும் கணித மேதை ஹாரி செல்டனின் இளமைக்குத் திரும்பி 1988-இல் 'ப்ரிலூட் டு ஃபவுண்டேஷன்' எழுதினார். 'ஃபார்வர்ட் தி ஃபவுண்டேஷன்' அவர் இறந்த மறுவருடம், 1993-இல் வந்தது.

கதைக்கால வரிசையை ஆதரிப்பவர்கள் கையில் பெரிய துருப்புச்சீட்டு ஒன்று உண்டு: அசிமோவே 'ப்ரிலூட்' முன்னுரையில் 14 புத்தகங்களை அந்த முறையில் அடுக்கிக் காட்டியிருக்கிறார். ஆசிரியரே சொன்னபிறகு என்ன பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். ரோபாட்களை விட்டுவிட்டு நேராக 'ப்ரிலூட்', 'ஃபார்வர்ட்', பிறகு 1951-இன் 'ஃபவுண்டேஷன்' என்று போனேன். போய்த்தான் பட்டேன்.

'ஃபவுண்டேஷன்' தொடங்கும்போது கால் டார்னிக் என்ற இளைஞன் ஏதோ ஒரு மூலையிலிருந்து பேரரசின் தலைநகர் ட்ரான்டருக்கு வந்து இறங்குகிறான். கிரகம் முழுக்க உலோகக் கூரை, 4,000 கோடிக்கும் மேல் மக்கள். அவன் வாய்பிளந்து பார்க்கும்போது நாமும் கூடவே பார்க்க வேண்டும். நானோ 'ப்ரிலூட்' முழுக்க செல்டனோடு ட்ரான்டரின் சந்துபொந்தெல்லாம் ஓடி முடித்திருந்தேன். உள்ளூர்க்காரனுக்கு ஊர் சுற்றிக் காட்டினால் எப்படி இருக்கும்?

அதைவிடப் பெரிய நஷ்டம் செல்டன்தான். பழைய மூன்று புத்தகங்களில் அவர் முதல் கதையில் மட்டுமே உயிரோடு வருகிறார். பிறகு நெருக்கடி வரும்போதெல்லாம் ஒரு பெட்டகத்தில், முன்பே பதிவு செய்த உருவமாகத் தோன்றிப் பேசுவார். செத்த மனிதர் பல தலைமுறைக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாரே என்று சிலிர்க்கும் இடங்கள் அவை. மனைவி, வளர்ப்பு மகன், இடுப்பு வலி எல்லாவற்றோடும் அவரைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தச் சிலிர்ப்பு வருவதில்லை. போதாக்குறைக்கு, 'செகண்ட் ஃபவுண்டேஷன்' நாவலின் பிற்பாதி முழுக்க செல்டன் ரகசியமாக நிறுவிய இரண்டாவது ஃபவுண்டேஷன் எங்கே இருக்கிறது என்று ஆளுக்கொரு விடை சொல்லி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். 'ஃபார்வர்ட்' அதைப் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது.

நமக்கு இது புதிய சங்கடமும் இல்லை. கல்கி 'பார்த்திபன் கன'வை முதலில் எழுதினார். கதைப்படி அதற்கு முந்தைய 'சிவகாமியின் சபதம்' பின்னால்தான் வந்தது. எதை முதலில் படிப்பது என்று எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு.

சரி, அப்படியே வெளியான வரிசையில் போய்விடலாமா? கண்ணை மூடிக்கொண்டு போனால் அதுவும் இழுபறிதான். 1950-க்கும் 1957-க்கும் நடுவில் ரோபாட், பேரரசு, ஃபவுண்டேஷன் மூன்றும் மாறிமாறி வந்தன. அப்போது அவை ஒரே தொடராக இல்லை, ஒன்றைவிட்டு ஒன்றுக்குத் தாவுவதில் வாசகருக்கு லாபமும் இல்லை. பேரரசு நாவல்கள் மூன்றையும் தயங்காமல் தள்ளிவைக்கலாம். அவற்றில் 'தி ஸ்டார்ஸ், லைக் டஸ்ட்' அசிமோவுக்கே பிடிக்காமல் போனது. பத்திரிகை ஆசிரியரின் வற்புறுத்தலில் அதற்குள் நுழைந்த ஒரு கிளைக்கதை இன்றும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

என் ஓட்டு, கொஞ்சம் ஒழுங்குபடுத்திய வெளியீட்டு வரிசைக்கு. முதலில் பழைய மூன்று ஃபவுண்டேஷன் புத்தகங்கள். சண்டையெல்லாம் திரைக்குப் பின்னால் நடக்கும், முன்னால் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். முதல் புத்தகத்தில் பெண்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு 'ஃபவுண்டேஷன் அண்ட் எம்பயர்' இரண்டாம் பாதியில் ம்யூல் என்ற வில்லன் வரும்வரை போங்கள். அங்கே மாட்டினால் மீளமாட்டீர்கள்.

பிறகு 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்', 'தி நேக்கட் சன்'. ஒரு மனிதத் துப்பறிவாளரும் ஒரு ரோபாட்டும் சேர்ந்து கொலைக்குத் துப்புத் துலக்கும் கதைகள், இளைப்பாறலாகவும் இருக்கும். அதன்பின் எண்பதுகளின் புத்தகங்களை வந்த வரிசையிலேயே படியுங்கள்: 'எட்ஜ்', 'தி ரோபாட்ஸ் ஆஃப் டான்', 'ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்', 'எர்த்', 'ப்ரிலூட்'. இரண்டு தொடர்களையும் அசிமோவ் கோத்தது இந்தக் கட்டத்தில்தான். ரோபாட் நாவல்களைப் படிக்காதவருக்கு 'எர்த்' முடிவில் வெளிப்படும் பெயர் வெறும் பெயர். படித்தவருக்கு நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்கும். 'ப்ரிலூட்' முடிச்சும் அப்படியே. (கதைக்கால வரிசை ரோபாட்களை முன்னால் வைப்பதில் இந்த நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை.)

கடைசியில் 'ஃபார்வர்ட்'. ஒவ்வொரு பகுதியிலும் செல்டனுக்கு வயது ஏறுகிறது, அன்பானவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள். உடல் தளர்ந்த அசிமோவ் எழுதிய புத்தகம் என்ற நினைப்போடு படித்தால் அது செல்டனின் கதையாக மட்டும் இருக்காது. இதை இரண்டாவதாகப் படித்தேனே என்று இன்றும் அடித்துக்கொள்கிறேன்.

இவ்வளவுக்கு நேரமில்லையா? முதல் மூன்றோடு நிறுத்திவிடுங்கள், குறை ஒன்றும் இல்லை. 1966-இல் எக்காலத்துக்கும் சிறந்த தொடர் என்று அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது கொடுத்தது அந்த மூன்றுக்குத்தான்.

ஆப்பிள் டிவி தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: குளோன் பேரரசர்களைத் தேடிப் பக்கம் புரட்ட வேண்டாம். எந்த வரிசையில் படித்தாலும் அவர்கள் வரமாட்டார்கள்.